குடிகாரன் மகள், செப்ரேரோஸ் 2022

பண்டமாரான்,
6 மே 2025

அக்காவுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன். அப்பா பக்கத்து அறையில் இருக்கிறார். அதனால்தான் மெயில்.

இன்று காலை உன் சரக்கு போர்ட் கிள்ளானிலிருந்து ஸ்டோருக்கு வந்து சேர்ந்தது. குளிர் கன்டெய்னர், வெப்பநிலை எல்லாம் சரியாக இருந்தது, ஒரு பாட்டில்கூட உடையவில்லை. ரியோகா, அல்பரிஞோ, ஹெரேஸ் ஷெர்ரி எல்லாம் வழக்கம்போல இறக்கி அடுக்கினோம். கடைசியில் உன் பெட்டிகள். இத்தனை வருஷம் ஸ்பெயினில் மற்றவர்கள் செய்த ஒயினைத் தேடிப் பிடித்து எனக்கு அனுப்பிய நீ, முதன்முறையாக உன் கையாலேயே செய்து அனுப்பியது. அதை வேறு யாரும் திறக்கக்கூடாது, நான்தான் திறப்பேன் என்று ஆசையாக லோரியிலிருந்து நானே இறக்கினேன்.

ஆனால் என் பின்னால் நின்ற யுகேந்திரன் முந்திக்கொண்டான். ஸ்டோரில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தான்: "பாஸ், தமிழ்ல எழுதியிருக்கு லா! 'குடிகாரன் மகள்'. யாரு பாஸ் அந்தக் குடிகாரன்?"

நான் என்ன பதில் சொல்வது? நீயே சொல்.

ஜனவரியில் நீ அனுப்பிய மாதிரி பாட்டில்களில் லேபிளே இல்லை. "லேபிள் வரும்போது பார், ஆச்சரியப்படுவாய்" என்று எழுதினாய். பட்டுவிட்டேன். மானத்தைக் கப்பலேற்றுவது என்பார்கள். நீ நிஜமாகவே கப்பலில் ஏற்றி, குளிர் கன்டெய்னரில் கெடாமல் அனுப்பியிருக்கிறாய்.

எந்த அப்பாவைப் பற்றி எழுதினாய் அக்கா? எனக்கு முப்பத்தேழு வயது. அவர் ஒரு சொட்டு குடித்து நான் பார்த்ததில்லை. நாம் இரண்டு பேரும் மதுவை விற்றுப் பிழைக்கிறோம், அதற்கும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்தப் பக்கத்தில் எவனாவது குடியில் விழுந்தால் அவன் பெண்டாட்டி முதலில் வந்து தட்டுவது நம் வீட்டு கேட்டைத்தான். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போவார். அவன் வீட்டில் உட்கார்ந்து பேசுவார். அவன் தெளியும்வரை நாலு நாள், ஐந்து நாள் போய்க்கொண்டே இருப்பார். சவரிமுத்து அங்கிள் என்றால் பண்டமாரானில் எழுந்து நிற்கிறார்கள்.

பதினேழாம் தேதி சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் உன் ஒயினை அறிமுகப்படுத்தும் விருந்து. எண்பது பேர் வருகிறார்கள். முதல் மேசையில் அப்பா. வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தரச் சொல்லி மருமகள் பிரெண்டாவை இப்போதே நச்சரிக்கிறார். பூசை முடிந்து வெளியே வருகிறவர்களை நிறுத்தி, "என் மக சொந்தமா ஒயின் செஞ்சிருக்கா" என்று சொல்கிறார். அவர் முன்னால் இந்தப் பாட்டிலை வைக்கச் சொல்கிறாயா?

வைக்க மாட்டேன். இங்கே ஒவ்வொரு பாட்டிலிலும் அரசாங்க எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டும். அது பின்பக்கம் போகும். இந்தத் தடவை முன்பக்கம் போகும், அவ்வளவுதான்.

பிரையன்

*

செப்ரேரோஸ், ஆவிலா,
8 மே 2025

டேய் பிரையன்,

எந்த அப்பா என்றா கேட்கிறாய்? உனக்குக் கிடைக்காத அப்பா. செமினி பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில், எனக்கு மட்டும் கிடைத்தவர். நீ பிறக்கும்போது எனக்கு ஒன்பது வயது. அவர் குடியை விட்டபோது உனக்கு ஐந்து. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் நடக்கவில்லை என்று உனக்கு யார் சொன்னது?

என் லேபிளைத் தொடாதே.

அந்த ஒயின் என்ன என்று உனக்குத் தெரியுமா? சுவைத்தாயா, அல்லது பெயரைப் படித்ததோடு மயக்கம் வந்துவிட்டதா? நான் குத்தகைக்கு எடுத்தது அரை ஹெக்டேர் நிலம், கிரேடோஸ் மலையில், ஆயிரம் மீட்டருக்கு மேலே. மண் என்று சொல்லவே கூடாது, கருங்கல் உடைந்து பொடியான மணல்தான். அதில் எண்பது வயதுக் கர்னாச்சாத் திராட்சைக் கொடிகள், பந்தல் கிடையாது, ஒவ்வொன்றும் தனியாகக் குத்துச்செடி மாதிரி நிற்கும். டிராக்டர் ஏறாது, கோவேறு கழுதையை வைத்து உழ வேண்டும். இப்போது மே மாதம், இன்னமும் உறைபனி வந்து துளிரைக் கருக்கிவிடுமோ என்று விடியற்காலையில் எழுந்து போய்ப் பார்க்கிறேன். இதே கர்னாச்சாவைக் கீழே சமவெளியில் நட்டால் கறுப்பாக, கனமாக, பழப்பாகு மாதிரி வரும். இங்கே அது வெளிறிய சிவப்பாக வருகிறது, லேசாக இருக்கிறது, குடித்து முடித்த பிறகும் நாக்கில் நிற்கிறது. அது கல்லும் குளிரும் செய்கிற வேலை.

உனக்கு இதெல்லாம் பாடமாகவே தெரியும், விற்கும்போது நன்றாகத்தான் பேசுகிறாய். ஹெரேஸில் சுண்ணாம்பு மண் இல்லாவிட்டால் ஷெர்ரி இல்லை என்கிறாய். பிரியோராத்தில் கருஞ்சிலேட்டுக் கல்லின் சுவை தெரிகிறது என்கிறாய். ரியோகாவில் இத்தனை காலம் மரப்பீப்பாயின் வாசனையை வைத்து எல்லா ஊரையும் ஒன்றாக்கிவிட்டார்கள், இப்போதுதான் தங்கள் ஊர்ப் பெயரை லேபிளில் போட வேண்டும் என்று விவசாயிகள் சண்டை போடுகிறார்கள், அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று போன வருஷம் நீயே மேடையில் பேசி அந்த வீடியோவை எனக்கு அனுப்பினாய். நல்ல ஒயின் எங்கே பிறந்தது என்பதை மறைக்காது என்று கை தட்டல் வாங்கினாய்.

கொடிக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? நான் எங்கே பிறந்தேன், எந்த வீட்டில் வளர்ந்தேன் என்பதை என் ஒயினில் நான் எழுதினால் உனக்கு மானம் போகிறதா?

அது என் பாட்டில். ஸ்டிக்கர் பின்பக்கம் மட்டும். முன்பக்கம் ஒட்டினாய் என்று தெரிந்தால் அடுத்த வருஷம் ஒரு பெட்டிகூட உனக்கு வராது. சிங்கப்பூரில் கேட்கிறார்கள், அங்கே அனுப்பிவிடுவேன்.

மகதலேனா

*

பண்டமாரான்,
10 மே 2025

அக்காவுக்கு,

ஒட்டிவிட்டேன். எல்லாப் பாட்டிலிலும். நானும் யுகேந்திரனும் நேற்று முழுதும் அதைத்தான் செய்தோம். உன் அழகான தமிழ் எழுத்துக்கு மேலே இப்போது மலாயில், 'மெமினும் அராக் போலே மெம்பஹாயாக்கான் கெசிஹாத்தான்'. மது குடிப்பது உடலுக்குக் கேடு. நீ சொல்ல வந்ததும் கிட்டத்தட்ட அதுதானே?

சிங்கப்பூருக்கு அனுப்பு. அங்கேயும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பேச்சு நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன், பதில் சொல். அவ்வளவு உண்மையை எழுத வேண்டும் என்று இருந்தால் அதை ஏன் ஸ்பானிய மொழியில் எழுதவில்லை? உன் ஊர்க்காரர்களுக்கு, உன்னிடம் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்த கிழவருக்கு, மாட்ரிட் கடைக்காரர்களுக்கு, யாருக்காவது அது என்னவென்று தெரியுமா? அவர்களுக்கு அது கோலம். "என்ன அழகான எழுத்து, இந்திய எழுத்தா?" என்று கேட்டிருப்பார்கள். நீயும் சிரித்துக்கொண்டு நின்றிருப்பாய். அங்கே உனக்கு வெட்கமும் இல்லை, ஆபத்தும் இல்லை. படிக்கத் தெரிந்த ஒரே ஊருக்கு, அவர் இருக்கிற ஊருக்கு, அதைப் பெட்டி பெட்டியாக அனுப்புகிறாய். இதற்குப் பேர் துணிச்சலா?

நேற்று அப்பா ஸ்டோருக்கு வந்தார். மகள் செய்த பாட்டிலைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். நல்ல வேளை, ஒட்டி முடித்திருந்தோம். ஆனால் எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. "லேபிள் வேல இன்னும் முடியலப்பா, விருந்துல பாருங்க" என்று சொல்லிவிட்டேன். "பேராவது என்னடா வச்சிருக்கா?" என்றார். வாயில் வந்த ஊர்ப் பெயரைச் சொன்னேன். "செப்ரேரோஸ்."

அதை அவர் பழகிக்கொண்டிருக்கிறார் அக்கா. சாப்பிடும்போது சொல்லிப் பார்க்கிறார். "செப்பு... ரேரோஸ். சரியா வருதாம்மா?" என்று பிரெண்டாவிடம் கேட்கிறார். விருந்தில் யாராவது கேட்டால் திணறக்கூடாதாம்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு மனிதர் தொடாமல் இருந்திருக்கிறார். அது உனக்குப் போதாதா? என் பள்ளிச் சீருடையைத் தினமும் தேய்த்துக் கொடுத்தது அவர். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது குளிப்பாட்டியது அவர். நீ ஸ்பெயினில் திராட்சை மிதித்துக்கொண்டிருந்தாய். அம்மா சாவுக்கு வந்து ஐந்தாம் நாள் கிளம்பிப் போனாய்.

நீ எழுதியது உண்மையோ பொய்யோ, எனக்குத் தெரியாது. அந்த எழுபத்தைந்து வயது மனுஷனைச் சபையில் வைத்து அடிக்க நான் விடமாட்டேன்.

பிரையன்

*

செப்ரேரோஸ்,
12 மே 2025

பிரையன்,

இதை இரண்டு முறை எழுதி அழித்துவிட்டேன். இது மூன்றாவது.

உனக்குச் சுருக்கென்று குத்தத் தெரிகிறது, அது குடும்பத்து வரம். ஸ்பானிய மொழியில் ஏன் எழுதவில்லை என்று கேட்டாய். ஸ்பானிய மொழியில் எழுதினால் இங்கே எல்லோரும் கேட்பார்கள். "அப்படியா, பாவம், என்ன நடந்தது, சொல்லு." நான் கதை சொல்ல வேண்டும். அது என் ஒயினை விற்கும் கதையாகிவிடும். ஏழைத் தோட்டத்துப் பெண், குடிகார அப்பா, திராட்சை அவளைக் காப்பாற்றியது. சீ! அப்படி நான் அவரை விற்கவில்லை. அது யாரும் படிக்க முடியாத எழுத்தில் இருப்பதால்தான் என்னால் தினமும் அதோடு வேலை செய்ய முடிகிறது.

இப்போது நீ கேட்காததைச் சொல்கிறேன்.

இங்கே எல்லோரும் என் மூக்கைப் பற்றிப் பேசுவார்கள். கிண்ணத்தைப் பக்கத்தில் கொண்டுவந்ததுமே எந்தப் பக்கத்து ஒயின், பீப்பாயில் எவ்வளவு காலம் இருந்தது, எங்கே பிசகியது என்று சொல்லிவிடுகிறேன் என்பார்கள். எங்கே படித்தாய் என்று கேட்பார்கள். லோக்ரோஞ்ஞோவில் ஒயின் படிப்பு படித்தேன் என்பேன். பொய். எனக்கு அது எட்டு வயதில் வந்தது. அவர் லயத்துக்குள் நுழையும்போதே, கதவு திறக்கும் முன்பே, சம்சு சாராய வாசனையை வைத்து எவ்வளவு குடித்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். கொஞ்சமாக இருந்தால் பாடுவார். அதற்கு மேல் என்றால் அழுவார். அதற்கும் மேல் என்றால் அடிப்பார். வாசனையில் அந்த அளவைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தால்தான் தப்பிக்க முடியும். நீ பிறந்த பிறகு, கெட்ட வாசனை வந்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக அடுத்த லயத்துப் புஷ்பவல்லி அக்கா வீட்டுக்கு ஓடிவிடுவேன். உன்னை ஒரு தடவைகூட அடி படவிடவில்லை. அதனால்தான் உனக்கு எதுவும் தெரியாது. அவர் நல்லவர் என்று நீ என்னிடமே வாதாடுகிறாய்.

உன்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் திரும்பி வருவேன். அம்மா தனியாக இருப்பாளே. என் பங்கு அதற்குப் பிறகு கிடைக்கும்.

அவர் திருந்தியது எனக்கும் தெரியும். திருந்தியவரோடு நீ வளர்ந்தாய். திருந்தாதவரோடு நான் வளர்ந்தேன். பண்டமாரானுக்குக் குடிவந்ததும் கோயிலில் சத்தியம் செய்தார், மறுநாளிலிருந்து வேறு மனுஷன். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பழையதைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது என்றாள் அம்மா. நானும் பேசவில்லை. அவரும் என்னிடம் பேசவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை "சாப்பிட்டியா, குளிரா இருக்கா, எப்ப வர" என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

படிக்கத் தெரிந்த ஒரே ஊருக்கு ஏன் அனுப்பினாய் என்று கேட்டாயே, அதற்கும் பதில் இதுதான். இந்த உலகத்தில் அந்த இரண்டு சொல்லை ஒரே ஒரு ஆள் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். படித்துவிட்டு அவர் வாயைத் திறக்க வேண்டும். கோபப்படட்டும், பொய் என்று சொல்லட்டும், ஏதாவது சொல்லட்டும்.

விருந்துக்கு முன்னால் அவரிடம் ஒரு பாட்டிலைக் கொடு, ஸ்டிக்கர் இல்லாமல். சபையில் வேண்டாம் என்றால் சரி, வீட்டில் கொடு. நீ கொடுக்காவிட்டால், அம்மா செய்ததைத்தான் நீயும் செய்கிறாய். மூடி மூடி வைக்கிறாய்.

மகதலேனா

*

பண்டமாரான்,
18 மே 2025

அக்காவுக்கு,

பாட்டிலைக் கொடுக்கவில்லை. நாலு நாள் பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். முடியவில்லை. நீ எழுதியதை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. ராத்திரி அவருக்கு மாத்திரையைப் பிரித்துக் கொடுக்கும்போது அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. எனக்கிருந்த ஒரு அப்பாவையும் நீ பிடுங்கிக்கொண்டாய் என்று இருந்தது.

நேற்று விருந்து நடந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் எல்லாம் நன்றாகப் போனது. அல்பரிஞோவுக்கு இறால், ஷெர்ரிக்கு நெத்திலி வறுவல், ரியோகாவுக்கு ஆட்டுக்கறி பெரட்டல். "ஸ்பெயின்காரன் நமக்குன்னே செஞ்சிருக்கான் லா" என்று சிரித்தார்கள். பிறகு உன் ஒயின். மண்டபத்தில் ஏர்கோன் சரியாக இல்லை. இவ்வளவு லேசான சிவப்பு ஒயினைச் சூடாகக் கொடுக்கக்கூடாது என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன், அதனால் உணவகத்து ஆட்கள் எல்லாப் பாட்டிலையும் ஐஸ் வாளியில் போட்டுவிட்டார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு கருங்கல் மணல், கோவேறு கழுதை என்று உன் வார்த்தைகளையே பேசிக்கொண்டிருந்தேன்.

நீ ஐஸ் தண்ணீர் தாங்குகிற லேபிள் போட்டிருக்கிறாய். என் ஸ்டிக்கர் உள்ளூர்க் காகிதம். அப்பா பொறுக்க முடியாமல் தானே வாளியிலிருந்து பாட்டிலை எடுத்தார். எச்சரிக்கை தண்ணீரிலேயே தங்கிவிட்டது.

அவர் பக்கத்தில் கமலநாதன் சார். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்தைப் பார்த்தால் சத்தமாகப் படிக்கிற பழக்கம் போகவில்லை. "குடிகாரன் மகள்." நான் மைக்கை வைத்துவிட்டு ஓடினேன். பாட்டிலைத் திருப்பப் போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடி இவ்வளவு பலமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"கைய எடுடா. நீதான் ஒட்டி மறைச்சியா?"

"அப்பா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். என் மக எழுதினத ஒட்டி மறைக்க நீ யாரு?"

என் மேல்தான் கோபம், உன் மேல் இல்லை! அதோடு முடிந்ததா? எதிரில் பழனியப்பன் உட்கார்ந்திருந்தார். லோரி ஓட்டுபவர், அப்பா குடியிலிருந்து மீட்ட ஆட்களில் ஒருவர். என்னைச் சமாதானப்படுத்துகிறாராம்: "தம்பி, இதுல என்ன இருக்கு? அண்ணன் எங்க குடிய விட்டவங்க கூட்டத்துல எப்பவும் சொல்றதுதான். நானும் குடிகாரன்தான், பச்சப் புள்ள, என் மகளப் போட்டு அடிச்சேன்னு சொல்லி அழுவாரு. அதக் கேட்டுத்தான் நானே விட்டேன்."

குடித்துத் திருந்திய ஆட்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. அவர்கள் பெண்டாட்டிகளுக்குத் தெரிந்திருக்கிறது. ஊருக்கே தெரிந்ததை மறைக்க நானும் யுகேந்திரனும் ஒரு நாள் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். எனக்கு மட்டும்தான் தெரியாது. வீட்டில் எனக்குச் சோறு ஊட்டியவர் ஊரில் போய் அழுதிருக்கிறார்.

இன்று பூசை முடிந்ததும் ஆளைக் காணவில்லை. ஸ்டோருக்குப் போய்ப் பார்த்தால், ஒரு வாளித் தண்ணீரும் துணியும் வைத்துக்கொண்டு மிச்சப் பாட்டில்களில் ஸ்டிக்கரை ஊறவைத்து உரித்துக்கொண்டிருக்கிறார். கத்தினேன். உள்ளுக்குள் இருந்த எல்லாவற்றையும் கத்தினேன். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் அடுத்த ஸ்டிக்கரை உரித்தார். கடைசியில் ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

"எந்த ஊருன்னு போட்டிருக்கா. எந்த மலைன்னு போட்டிருக்கா. எந்த வருஷம்னும் இருக்கு. குடிகாரன் யாருன்னு மட்டும் ஏன் போடல? என் பேரப் போடச் சொல்லு. சவரிமுத்துன்னு பெருசாப் போடச் சொல்லு."

சொல்லிவிட்டேன். போடுவாயோ மாட்டாயோ, உன் பாடு.

ஒயின் நன்றாக இருக்கிறது. எல்லோரும் கேட்கிறார்கள். அதுதான் இன்னும் எரிச்சல்.

பிரையன்

*

செப்ரேரோஸ்,
19 மே 2025

பிரையன்,

போட மாட்டேன்.

அவர் கேட்டதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்தது. அது உண்மை. கொடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். பிறகு மறுபடியும் படித்தேன். பழனியப்பன் சொன்னதைப் படித்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். லோரிக்காரரிடம் சொல்லியிருக்கிறார். முன்பின் தெரியாத குடிகாரர்களிடம், அவர்கள் பெண்டாட்டிகளிடம், நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லி அழுதிருக்கிறார். என் அடி அவர்களுக்கு மருந்தாகியிருக்கிறது. நல்லது, அவர்கள் பிழைத்துப் போகட்டும். ஆனால் அடி வாங்கியவள் நான். எனக்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போன் செய்கிறார். "அங்க குளிரா?" என்று கேட்கிறார்!

இப்போது லேபிளில் பேர் போட வேண்டுமாம். பெரிதாகவாம். அதுவும் ஊருக்குத்தான். மறுபடியும் எல்லோரும் படிப்பார்கள், எவ்வளவு பெரிய மனசு என்று சொல்வார்கள், கமலநாதன் சார் சத்தமாக வாசிப்பார். என்னிடம் சொல்ல வேண்டியதைப் பாட்டிலில் ஒட்டி உலகத்துக்கு அனுப்பச் சொல்கிறார். நானே ஒயின் செய்து, நானே அவர் பாவசங்கீர்த்தனத்தை அச்சடித்து விற்க வேண்டுமா? அது என் நிலம், என் கொடி, என் ஒயின். அதில் அவருக்குப் பேர் கிடையாது.

நீயும் லட்சணம்தான். அவர் சொன்னதை எனக்கு எழுதுகிறாய், நான் சொல்வதை அவரிடம் போய்ச் சொல்வாய். நடுவில் நின்று கைமாற்றி விடுகிறாய். ஆனாலும் இதையும் போய்ச் சொல். எனக்கு ஒரே ஒரு வாக்கியம் வேண்டும். ஊருக்கு இல்லை. எனக்கு. "மகதலேனா, நான் உன்ன அடிச்சேன்." அவர் வாயால், என் காதில். அது வராதவரை அந்த லேபிள் அப்படியேதான் இருக்கும். அவர் செத்த பிறகும் இருக்கும்.

மகதலேனா

*

பண்டமாரான்,
21 மே 2025

அக்கா,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தைகூட விடவில்லை, 'செத்த பிறகும்' என்பதையும் சேர்த்து. பிறகு என்னிடம் சொல்ல ஆரம்பித்தார். எல்லாவற்றையும் சொன்னார். பின்வாசல் வழியாக நீ என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது அவருக்குத் தெரியும். நீ திரும்பி வருவாய் என்று தெரிந்தே உட்கார்ந்திருப்பாராம்.

இன்னும் சொன்னார். அதை நான் எழுத மாட்டேன். கேட்கும்போதே அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது. தள்ளவில்லை. எழுந்து வெளியே போய் நின்றேன்.

"நான் சொன்னேன்னு அவளுக்கு எழுதிடு" என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு நாள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது போதும். ஸ்டிக்கரும் ஒட்ட மாட்டேன், சேதியும் சொல்ல மாட்டேன். உன் நம்பரைப் போட்டுப் போனை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

மத்தியானத்திலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறார். நீ தோட்டத்தில் இருப்பாய், எடுக்க மாட்டாய் என்றேன். "எடுக்கலன்னா பரவால்லடா, மறுபடி அடிக்கிறேன்" என்கிறார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை.

எனக்கு உன் மேலும் கோபம் தீரவில்லை, அவர் மேலும் தீரவில்லை. உனக்கும் தீர வேண்டாம். திட்டு. அழவை. ஆனால் அந்தப் போனை எடு அக்கா.

பிரையன்